ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்து

ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
இரண்டே வரி.
அதற்குள் ஒரு அப்பா கத்தி முடித்துவிட வேண்டும்.

இதுதான் என் வேலை.
சென்னையிலிருந்து வரும் படங்களுக்கு
அடியில் மலாய் எழுதுகிறேன்,
பங்சாரில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில்,
ஏர்கோன் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்.
"என் பொணத்தைத் தாண்டிப் போடி" என்பதை
ஐந்தாறு விதமாக எழுதப் பழகியிருக்கிறேன்.
காதலர்கள் மழையில் ஓடும்போது எனக்கு வேலையில்லை.
பின்னணி இசைக்கு மொழிபெயர்ப்பு கிடையாது.
அந்த மூன்று நிமிடத்தில் மைலோ கலக்கிவிடுவேன்.

சிக்கலான வசனம் எப்போதும் சின்னது.
பெண்ணின் தகப்பன் கூடத்தில் உட்கார்ந்து
சிரித்த முகமாகக் கேட்பான்:
"தம்பி, நீங்க என்ன ஆளுங்க?"
இரண்டு வினாடி.
நான் போடுவது, உன் குடும்பம் எது?
கெலுவார்கா. ரூமியில் எட்டெழுத்து. மரியாதையான சொல்.
பக்கத்து இருக்கை மலாய்க்கார அக்கா
ஏதோ நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து
சோளப்பொரிக்குள் கைவிடுவாள்.

போன தீபாவளிக்கு மறுவாரம்
செந்தூல் வீட்டுக்குத் தனேந்திரன் வந்தான்.
பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோ.
விழுந்தவர்களைப் பிடித்து நடக்கவைப்பவன்.
செருப்பைக் கழற்றும்போதே அப்பாவின் நடையைப் பார்த்துவிட்டான்.
"இடது காலை ஊனி எழுந்திரிக்காதீங்க அங்கிள்."
அப்பாவுக்குப் பிடித்துப்போனது.
முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு
அப்புறம் கேட்டார்,
அதே வசனம்.
"தம்பி" கூட இருந்தது.

"கெப்போங் ஆளுங்க" என்றான் தனேந்திரன்.
அப்பா சிரிக்கவில்லை.
தண்ணீர் எடுக்கப் போன அம்மா
தண்ணீரோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம்.
திரையில் ஓடிப்போன ஒவ்வொரு ஜோடிக்கும்
விரலை மடித்து விசிலடித்தவர்.
குறுக்கே நின்ற தகப்பன்களை
"மனுஷனாடா நீ" என்று எழுந்து நின்று திட்டியவர்.
கடைசிக் காட்சியில் அவர்கள் திருந்தும்போது
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர்.

காரில் தனேந்திரன் சொன்னான்,
"ஏதாவது ஒரு பேரைச் சொல்லிடறேன்.
யாரு போயி விசாரிக்கப் போறா?"
பொய் சொல்லியா என்னைக் கட்டிக்கொள்வாய் என்றேன்.
ஜாலான் ஈப்போ சிவப்பு விளக்கில்
ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"நீ தினம் பண்றதுதானே.
நான் ஒரே ஒரு தடவை பண்றேன்."

பச்சை விழுவதற்குள் இறங்கி நடந்தேன்.
கோபம் அவன்மேல் என்று நினைத்துக்கொண்டு
மூன்று வாரம் இருந்தேன்.
அவன் அனுப்பியதெல்லாம் நீல டிக்கோடு கிடந்தது.

அடுத்த படத்திலும் ஒரு கூடம், ஒரு தகப்பன், ஒரு தம்பி.
கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
கஸ்தா என்று மலாயில் ஒரு சொல் உண்டு.
பள்ளிக்கூடத்தில், வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான்.
ஐந்தெழுத்து.
இத்தனை வருஷம் இடம் போதவில்லை என்று
யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

படம் வந்தபோது அப்பாவுக்கும் டிக்கெட் எடுத்தேன்.
எஃப் வரிசை. முழங்காலுக்காக ஓரத்து இருக்கை.
கூடம் வந்தது.
தகப்பன் சிரித்தான்.
காதால் கேட்டு முடித்தவர்
கண்ணைக் கீழே இறக்கி
வெள்ளை எழுத்தைப் படித்தார்.
முன்வரிசையில் ஒரு மலாய்ப் பையன்
"ஓ" என்றான், மெதுவாக.

"இப்படியா எழுதுவே?"
"அப்படித்தானே கேட்டீங்க."

ரொம்ப நேரம் கழித்துத் திரையில் "இடைவேளை" விழுந்தது.
இந்த ஊரில் அதற்கு விளக்குப் போட மாட்டார்கள்.
சொல் ஒருமுறை மின்னும்,
படம் தன்பாட்டுக்கு ஓடும்.
பழக்கத்தில் எழப்போன அப்பா
யாரும் எழாததைப் பார்த்து
மறுபடி உட்கார்ந்தார்,
இருட்டில் கைப்பிடியைத் தேடிப் பிடித்து,
இடது காலை ஊன்றாமல்.